கயிற்றை முதலில் இழுப்பது யார்?

சான் ஹோசேயிலிருந்து 880 நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால், அரை மணி நேரத்துக்குள் ஃப்ரீமான்ட் நகரில் ஒரு பிரம்மாண்டமான கார் தொழிற்சாலை தென்படும். 1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய ஆலை அது. 1982-இல் அந்த நிறுவனம் அதை மூடியது. 1984-இல் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டுச் சேர்ந்து, ‘நம்மி’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட நியூ யுனைட்டெட் மோட்டார் மானுஃபாக்சரிங் என்ற பெயரில் அதைத் திறந்தன. 2010 ஏப்ரலில் அதுவும் நின்றது. அடுத்த மாதமே டெஸ்லா அந்த ஆலையை வாங்குவதாக அறிவித்தது. பணியிடப் பாதுகாப்பை ஆராய்பவருக்கு இப்படி ஓர் இடம் வாய்ப்பது அரிது. கட்டடம் ஒன்று, ஊர் ஒன்று. முதல் இரண்டு காலகட்டங்களில் ஆட்களில் பெரும்பாலோரும் அதே ஆட்கள். மேலே இருந்தவர்கள் நடந்துகொண்ட விதம்தான் பெரிதும் மாறியது. அரசன் எவ்வழி குடிகள் அவ்வழி என்ற பழமொழியை நாம் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொள்கிறோம். தலைவர் பாதுகாப்பாக நடந்துகாட்டினால் தொழிலாளர்களும் அப்படியே நடப்பார்கள் என்று பயிற்சி வகுப்புகளிலும் சொல்லித்தருகிறார்கள். இந்த ஆலையின் வரலாற்றையும் அதைச் சுற்றியுள்ள ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால், அந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை என்று தெரிகிறது. கீழே இருப்பவர்கள் தலைவரின் தலைக்கவசத்தைப் பார்ப்பதை விட, உற்பத்தியும் பாதுகாப்பும் மோதிக்கொள்ளும் நேரத்தில் அவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதையே உற்றுப் பார்க்கிறார்கள். அதிலிருந்துதான் கற்கிறார்கள்.

ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவர் கற்பது எப்படி என்பதை முதலில் முறையாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று, சான் ஹோசேக்கு அருகிலேயே இருக்கும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். அங்கே உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் செய்த பொம்மைச் சோதனை உலகப் புகழ் பெற்றது. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்த குழந்தைகள், தாங்களும் அதே விதமாக அடித்தார்கள். முன்மாதிரி பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையோடு நிறுத்திவிடுகிறார்கள். 1965-இல் பண்டூரா வெளியிட்ட அடுத்த ஆய்வுதான் நம் விஷயத்துக்கு அதிகம் உதவுவது. அதில் குழந்தைகளுக்குக் காட்டிய படத்துக்கு மூன்று முடிவுகள் இருந்தன. ஒன்றில் அடித்தவருக்கு இனிப்பும் பாராட்டும் கிடைத்தன. இன்னொன்றில் அவர் திட்டு வாங்கினார். மூன்றாவதில் எதுவும் நடக்கவில்லை. அடித்தவர் தண்டனை பெறுவதைக் கண்ட குழந்தைகள் அவரைப் பின்பற்றுவது குறைந்தது. ஆனால் படத்தில் பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு தருவதாகச் சொன்னதும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. எல்லோருமே கற்றிருந்தார்கள் என்பது அப்போது தெரிந்தது. ஒரு செயலைக் கற்றுக்கொள்வதும் அதைச் செய்வதும் வேறு வேறு. கற்பதற்குக் கண் போதும். கற்றதைச் செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க, செய்தவருக்கு என்ன நேர்ந்தது என்று தெரிய வேண்டும். தொழிற்சாலையிலும் நிலைமை இதுதான். இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே கைவிட வேண்டும் என்பது எல்லாத் தொழிலாளர்களுக்கும் தெரியும். நிறுத்தியவருக்கு அன்று மாலை என்ன ஆனது என்பதும் தெரியும்.

பணியிடங்களில் நடந்த ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. இஸ்ரேலிய உளவியலாளர் டோவ் ஸோஹார், அந்நாட்டின் 20 தொழிற்சாலைகளை ஆராய்ந்து 1980-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாதுகாப்பைப் பற்றி நிர்வாகம் உண்மையில் என்ன நினைக்கிறது என்று தொழிலாளர்கள் ஊகித்து வைத்திருப்பது ஓர் ஆலையின் தன்மையையே தீர்மானிக்கிறது என்று அதில் காட்டினார். சுவரில் தொங்கும் வாசகங்களிலிருந்து அவர்கள் இதை ஊகிப்பதில்லை. அவசர நேரத்தில் எதற்கு முதலிடம் கிடைக்கிறது என்பதிலிருந்துதான் ஊகிக்கிறார்கள். 2002-இல் அவர் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இன்னும் எளிமையானது. பராமரிப்புப் பணிக்கூடம் ஒன்றில், மேற்பார்வையாளர்கள் தங்கள் ஆட்களிடம் பாதுகாப்பைப் பற்றி எத்தனை முறை பேசினார்கள் என்பதை அந்த ஆட்களிடமே கேட்டறிந்து, வாரந்தோறும் மேற்பார்வையாளர்களுக்குத் தெரிவித்தார்கள். அவர்களுடைய மேலதிகாரிகளுக்கும் அதே தகவல் போனது. புதிய கருவி எதுவும் வாங்கவில்லை. சிறு காயங்கள் குறைந்தன. காதடைப்பான் அணிவது கூடியது. மருத்துவமனையிலிருந்தும் ஒரு சான்று உண்டு. 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கை கழுவும் தொட்டிகள் எட்டும் தூரத்தில் இருக்கும்படி கட்டிய புதிய மருத்துவமனைக் கட்டடத்தைப் பழைய கட்டடத்தோடு ஒப்பிட்டது. புதிய வசதியால் கை கழுவும் பழக்கம் கூடவில்லை. அறையில் இருந்த மூத்தவர் கை கழுவாதபோது மற்றவர்கள் கழுவுவது மட்டும் பெருமளவு குறைந்தது. தொட்டியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தவர்கள், யாரைப் பார்த்து யார் நடக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

இந்த வெளிச்சத்தில் ஃப்ரீமான்ட் ஆலையைப் பார்க்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் காலத்தில் அங்கே ஓர் எழுதாத சட்டம் இருந்தது. என்ன ஆனாலும் உற்பத்தி லைன் நிற்கக் கூடாது. அங்கே வேலை செய்தவர்கள் பல ஆண்டுகள் கழித்து ஒரு வானொலி நிகழ்ச்சியில் தங்கள் அனுபவங்களைச் சொன்னபோது, ஒருவர் குழிக்குள் விழுந்தபோதுகூட லைன் நிற்கவில்லை என்று நினைவுகூர்ந்தார்கள். எஞ்சின் தவறாகப் பொருத்தப்பட்ட கார்கள் அப்படியே நகர்ந்துபோய், வெளியே காலி மைதானத்தில் பழுதுபார்ப்புக்காக வரிசைகட்டி நின்றன. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் சாதாரணம். குறைகேட்பு மனுக்கள் ஆயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. அமெரிக்கக் கார் துறையிலேயே மிக மோசமான தொழிலாளர்கள் என்று அந்த ஆட்களுக்குப் பெயர். 1984-இல் ஆலை மீண்டும் திறந்தபோது, டொயோட்டா பெரும்பாலும் அதே ஆட்களையே வேலைக்கு எடுத்தது. நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானுக்கு அனுப்பி, அங்குள்ள ஆலையில் டொயோட்டா ஊழியர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யவைத்தது. விரைவிலேயே வேலைக்கு வராதவர்களின் விகிதம் மிகச் சிறிய அளவுக்கு இறங்கியது. தயாரான கார்களின் தரம் ஜப்பானில் தயாரானவற்றுக்கு இணையாக வந்தது.

ஜப்பானில் அவர்கள் கண்டு வியந்தது ஒரு கயிறு. லைன் நெடுக, கைக்கெட்டும் உயரத்தில் அது தொங்கும். ஆன்டன் கயிறு என்று பெயர். தன் வேலையை நேரத்துக்குள் முடிக்க முடியாதவர், திருகாணி சரியாக ஏறாததைக் கண்டவர், கை மாட்டிக்கொள்ளும் என்று அஞ்சியவர் என யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்ததும் மேலே உள்ள பலகையில் அந்த இடத்தின் எண் ஒளிரும். ஒரு சிறு இசை ஒலிக்கும். டீம் லீடர் வந்து நிற்பார். அந்த வண்டி குறித்த எல்லையைத் தாண்டுவதற்குள் சிக்கல் தீர்ந்தால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், தீராவிட்டால் நின்றுவிடும். பொறியியலாகப் பார்த்தால் இதில் வியப்புக்கு ஒன்றுமில்லை. கயிற்றை இழுத்தவரிடம் டீம் லீடர் சொல்லும் முதல் வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. ‘ஏன் நிறுத்தினாய்?’ என்று கேட்டால் அந்தக் கயிறு மறுநாளிலிருந்து வெறும் அலங்காரம். ‘என்ன சிக்கல், வா பார்ப்போம்’ என்று அவரும் குனிந்தால், பக்கத்தில் நிற்கும் பத்துப் பேரும் ஒரு பாடம் படிக்கிறார்கள். ஒரு நிமிட நிறுத்தத்துக்கு ஆகும் செலவை நிறுவனம் வாய் பேசாமல் ஏற்றுக்கொண்டது என்பதே அந்தப் பாடம். நம்மியில் நிர்வாகிகளுக்குத் தனி உணவகமும் தனி வாகன நிறுத்தமும் இல்லாமற்போனது எல்லோரும் பேசும் முன்மாதிரி. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் ஆலையின் குணத்தை மாற்றியது அந்த நிமிடத்தின் விலைதான் என்று நினைக்கிறேன். நம்மியின் தொடக்கக் காலத்தில் பணியாற்றிய ஜான் ஷூக், 2010-இல் எழுதிய கட்டுரையில் இதை ஒட்டியே வாதிடுகிறார். மனத்தை மாற்றிவிட்டு நடத்தையை மாற்ற முயல்வது வீண்; நடக்கும் விதத்தை மாற்றினால் நினைக்கும் விதம் பின்னால் வரும் என்பது அவர் கருத்து.

நம்மியைப் பொற்காலமாக்கிப் பாடுவதும் தவறு. 1993 மாடல் கார் அறிமுகமானபோது அங்கே முதுகுவலியும் மணிக்கட்டு வலியுமாகத் தொழிலாளர்கள் பலர் அவதிப்பட்டார்கள். கலிஃபோர்னியாவின் பணியிடப் பாதுகாப்புத் துறையான கால் ஓஷா, 1993 ஜனவரியில் நிறுவனத்துக்கு விதிமீறல் அறிக்கை அனுப்பியது. பால் ஆட்லர், பார்பரா கோல்டோஃப்டாஸ், டேவிட் லெவைன் ஆகிய மூவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நிகழ்வை விரிவாகப் பேசுகிறது. கயிறு இருந்தது, நல்ல டீம் லீடர்கள் இருந்தார்கள். புதிய மாடலை வேகமாகக் கொண்டுவர வேண்டும் என்ற அழுத்தம் வந்ததும் உடல் வலிக்கு முன்னுரிமை போய்விட்டது. அடுத்த மாடலுக்கு நிர்வாகம் தொழிலாளர்களை வடிவமைப்புக் கட்டத்திலேயே சேர்த்துக்கொண்டது. நிலைமை கணிசமாகத் தேறியது. இதில் நான் காண்பது இரண்டு செய்திகள். நல்ல முன்மாதிரி ஒருமுறை வைத்துவிட்டால் தானாக நீடிக்காது. ஒவ்வொரு அவசரத்திலும் அதற்கு மறுபடி விலை கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் அரசுத் துறை தட்டிக்கேட்காமல் இருந்திருந்தால் அந்த விலை கொடுக்கப்பட்டிருக்குமா என்பதும் சந்தேகமே.

மூன்றாம் காலகட்டத்துக்கு வருவோம். 2017 மே மாதம், ஓக்லண்டைச் சேர்ந்த வொர்க்சேஃப் என்ற தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு, 2015-இல் டெஸ்லா ஆலையில் 100 தொழிலாளர்களுக்கு 8.8 என்ற கணக்கில் காயங்கள் பதிவானதையும், அப்போது கார் தயாரிப்புத் துறையின் சராசரி 6.7 ஆக இருந்ததையும் சுட்டிக்காட்டியது. அதையடுத்து டெஸ்லாவின் தலைமை நிர்வாகி எலான் மஸ்க் ஊழியர்களுக்கு எழுதிய மின்னஞ்சல் ஊடகங்களில் வெளியானது. ஒவ்வொரு காயமும் தனக்கே நேரடியாகத் தெரிவிக்கப்பட வேண்டும், காயமடைந்த ஒவ்வொருவரையும் குணமானதும் தான் சந்திப்பேன், பிறகு லைனில் இறங்கி அவர் செய்த அதே வேலையைத் தானும் செய்து பார்ப்பேன், மேலாளர்கள் எல்லோரும் இப்படி முன்வரிசையில் நின்றே வழிநடத்த வேண்டும் என்பது அதன் சாரம். முன்மாதிரித் தலைமையை இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. ஒரு வருடத்துக்குள், 2018 ஏப்ரலில், ரிவீல் என்ற புலனாய்வு இதழியல் அமைப்பு, பதிவேட்டில் ஏற வேண்டிய காயங்கள் சில ஏறவில்லை என்று செய்தி வெளியிட்டது. டெஸ்லா அதைக் கடுமையாக மறுத்தது. இந்தச் சர்ச்சையில் தீர்ப்புச் சொல்வது என் நோக்கமில்லை. காயத்தைச் சொல்பவருக்கு என்ன நடக்கிறது என்பதே பேச்சாகிவிட்ட ஓர் ஆலையில், தலைவர் ஒரு நாள் லைனில் நின்று திருகாணி முடுக்குவதால் தொழிலாளிக்கு வேண்டிய பதில் கிடைக்காது.

2020 மே 11 இன்னும் கூர்மையான சான்று. கொரோனா காரணமாக ஆலையைத் திறக்க அலமீடா மாவட்டம் இன்னும் அனுமதி தராதிருந்த நிலையில், உற்பத்தியைத் தொடங்கிவிட்டதாக மஸ்க் அறிவித்தார். தானும் எல்லோருடனும் லைனில் இருக்கப்போவதாகவும், கைது செய்வதென்றால் தன்னை மட்டும் கைது செய்யுங்கள் என்றும் பொதுவெளியில் எழுதினார். சொந்த உடலை முன்னால் நிறுத்தும் தைரியம் அதில் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செயல் கற்பித்தது என்ன? வண்டி வெளியே வருவதற்காக ஆபத்தை ஏற்கலாம், ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்பதையே. பின்னர் வெளியான மாவட்டப் பதிவுகளின்படி, அந்த ஆண்டு மே முதல் டிசம்பர் வரை அந்த ஆலை ஊழியர்களில் 400-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பதிவானது. அவை எல்லாம் ஆலைக்குள்ளேயே பரவியவை என்று சொல்லிவிட முடியாது. ஊரெங்கும் நோய் இருந்த காலம் அது. தலைவர் ஆபத்தைப் பகிர்ந்துகொள்வதும் ஆபத்தைக் குறைப்பதும் வேறு வேறு என்பதுதான் நான் சொல்ல வருவது. 2018-இல் மாடல் 3 காரின் உற்பத்தி நெருக்கடியின்போது ஆலைத் தரையிலேயே மஸ்க் தூங்கியதை விசுவாசத்தின் சின்னமாகப் பலர் பாராட்டினார்கள். களைத்த உடல்தான் இயந்திரத்தின் அருகே முதலில் தவறு செய்யும் என்பதை அந்தப் பாராட்டில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சான் ஹோசே, மில்பிடாஸ், சன்னிவேல் அலுவலகங்களில் குழுக்களை வழிநடத்தும் தமிழர்கள் பலருக்கும் இந்த இடம் உறைக்க வேண்டும். ‘நேரத்துக்கு வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்லிவிட்டு இரவு ஒரு மணிக்கு மின்னஞ்சல் அனுப்பும் மேலாளர், ஊருக்குச் செய்யும் உபதேசத்தைத் தன் கையாலேயே அழிக்கிறார். மணிக்கட்டு வலிக்கும் கழுத்து வலிக்கும் விடுப்பு எடுக்கலாம் என்று அவருடைய ஆட்கள் நம்ப வேண்டுமானால், முதலில் அவர் எடுத்துக் காட்ட வேண்டும். எடுத்ததால் தன் மதிப்பீட்டில் எந்தக் குறையும் வரவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். தலைவரின் சிறு சறுக்கல்கூட எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்றால் யார்தான் முன்மாதிரியாக இருக்க முடியும்? சான் ஹோசேயைத் தலைநகராகக் கொண்ட சாண்டா கிளாரா மாவட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 2020 பிப்ரவரி இறுதியில், மாவட்டச் சுகாதார அதிகாரி டாக்டர் சாரா கோடி செய்தியாளர் கூட்டத்தில் முகத்தைத் தொடாதீர்கள் என்று அறிவுறுத்தினார். சற்று நேரத்தில், தாளைப் புரட்டத் தன் விரலையே எச்சில் தொட்டுக்கொண்டார். அந்தக் காணொளி உலகம் சுற்றியது. ஆனால் மார்ச் 16 அன்று, பக்கத்து மாவட்டங்களோடு சேர்ந்து, நாட்டிலேயே முதலாவதாக வீட்டிலேயே இருக்கும் ஆணையை அவர் பிறப்பித்தபோது, விரிகுடாப் பகுதி அடங்கி நின்றது. கைப்பழக்கமான பிழையை மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு நன்றி தெரிவிக்கும் திருநாளில், கூட்டம் கூடாதீர்கள் என்று சொல்லியிருந்த சான் ஹோசே மேயர் சாம் லிக்கார்டோ, மாநில வழிகாட்டுதலை மீறிய குடும்பக் கூடுகையில் கலந்துகொண்டது தெரியவந்ததும், அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. முதலாவது கவனப்பிசகு, இரண்டாவது, மற்றவர்கள் கொடுத்த விலையைத் தான் கொடுக்காமல் விட்டது. பிரிட்டனில் பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் ஊரடங்கின்போது பயணம் செய்தது வெளியானதும் அரசின் மீதான நம்பிக்கை சரிந்ததை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2020 ஆகஸ்டில் லான்செட் இதழில் பதிவு செய்தார்கள். பிழை, சலுகை இரண்டையும் மக்கள் தெளிவாகவே பிரித்தறிகிறார்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு, முன்மாதிரி வெறும் நாடகமாகிவிடும் என்பது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். அன்று மதியம்தான் பிபி, டிரான்ஸோஷன் நிறுவனங்களின் மூத்த அதிகாரிகள் அந்த மேடைக்கு வந்திருந்தார்கள். வேலைநாள் இழப்பு ஏற்படுத்தும் விபத்து எதுவும் இல்லாமல் அந்த மேடை ஏழு ஆண்டுகளைக் கடந்ததைப் பாராட்டுவது அவர்கள் நோக்கங்களில் ஒன்று. ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் இந்த வருகையைத் தனியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார். அதிகாரிகள் வழுக்கி விழுவது, உயரத்திலிருந்து பொருள் விழுவது, பாதுகாப்புக் கச்சைகள் ஆகியவற்றைப் பற்றி அக்கறையோடு விசாரித்தார்கள். துரப்பணக் கட்டுப்பாட்டு அறையில் அழுத்தச் சோதனையைப் பற்றிக் குழப்பமான விவாதம் நடந்துகொண்டிருந்தது. அதைக் கண்டும் அவர்கள் உள்ளே புகுந்து கேட்கவில்லை. அவர்கள் நல்லெண்ணத்தோடு வந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. பிறர் வேலையில் தலையிடக் கூடாது என்ற மரியாதையும் அவர்களைத் தடுத்திருக்கலாம். ஆனாலும், ‘இந்தச் சோதனை முடிவு சரியாக விளங்கவில்லை, விளங்கும்வரை நிறுத்துவோம்’ என்று அவர்களில் ஒருவர் சொல்லியிருந்தால் அதற்கு ஒரு விலை இருந்திருக்கும். பணி ஏற்கெனவே கால அட்டவணையில் மிகவும் பின்தங்கியிருந்தது. கச்சையைப் பற்றிக் கேட்க எந்த விலையும் இல்லை. நாடகத்தையும் முன்மாதிரியையும் பிரிக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

பாதுகாப்புப் பொறியாளர்களின் மறுப்பு வேறு வகை. ஆபத்தை வடிவமைப்பிலேயே அகற்றுங்கள்; மனித நடத்தையை நம்பாதீர்கள் என்பார்கள். சான் ஹோசேயின் சொந்த வரலாறு அவர்கள் பக்கம்தான் நிற்கிறது. 1970-களிலும் 80-களிலும் இந்தப் பள்ளத்தாக்கின் சிப் ஆலைகளில் மெக்சிகோ, வியட்நாம், பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். சிப் தயாரிக்கும் தூய்மை அறைக்குள் நுழைபவர் யாரானாலும், கடைநிலை ஊழியரோ தலைமை அதிகாரியோ, தலை முதல் பாதம் வரை மூடும் வெள்ளை உடை அணிய வேண்டும். விதிவிலக்கே கிடையாது. முன்மாதிரித் தலைமையின் முழு வெற்றி என்று சொல்லத்தக்க ஒழுங்கு அது. ஆனால் அந்த உடை காத்தது சிப்பை, மனிதரை அல்ல. உடலிலிருந்து உதிரும் துகள் சிலிக்கான் தகட்டில் படாமல் அது தடுத்தது. கரைப்பான்களின் ஆவி மூச்சில் சேர்வதைத் தடுக்கவில்லை. அறையின் காற்றைச் சுற்றிச் சுற்றி வடிகட்டிய சாதனங்களும் துகளைப் பிடித்தன, ஆவியை விட்டுவிட்டன. 1981-இன் இறுதியில் தெற்கு சான் ஹோசேயில் ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் நிலத்தடித் தொட்டியிலிருந்து கரைப்பான் கசிந்து குடிநீர்க் கிணறு மாசுபட்டது தெரிந்த பிறகுதான் ஊர் விழித்தது. மறு ஆண்டு சிலிக்கான் பள்ளத்தாக்கு நச்சுப்பொருள் எதிர்ப்புக் கூட்டணி உருவானது. ஐபிஎம் ஆலையில் வேலை செய்து புற்றுநோய்க்கு ஆளான இருவர் தொடுத்த வழக்கில், 2004 பிப்ரவரியில் நடுவர் குழு நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நோய்க்கும் வேதிப்பொருளுக்கும் உள்ள தொடர்பை ஒரு தனிமனிதருக்கு நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கும் அந்த வழக்கு சான்று. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தில் நடந்துகாட்ட எதுவுமில்லை. அங்கே காற்றோட்டமும் மாற்றுப் பொருளும் சட்டமும்தான் காக்கும். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்த வெள்ளை உடை இன்னொன்றையும் சொல்கிறது. சிப் கெட்டால் பணம் போகும் என்பதால், தலைமை அதிகாரி முதல் எல்லோரும் ஒரு துகளுக்காக வேலையை நிறுத்தத் தயாராக இருந்தார்கள். மனித உடலுக்காகவும் அதே கண்டிப்பு இருந்திருந்தால், காற்றோட்டத்துக்குச் செலவழிக்கும் முடிவு பல ஆண்டுகள் முன்னாலேயே எடுக்கப்பட்டிருக்கும். பொறியியலுக்குப் பணம் ஒதுக்குபவரும் ஒரு தலைவர்தான்.

தலைவர் விலை கொடுத்த உதாரணம் உண்டா என்றால், அலுமினிய நிறுவனமான அல்கோவாவை வழிநடத்திய பால் ஓ’நீல் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1987-இல் பொறுப்பேற்றதும், லாபத்தைப் பேசாமல் தொழிலாளர் பாதுகாப்பைப் பேசி முதலீட்டாளர்களைத் திகைக்கவைத்தவர். வேலைநாள் இழப்பு ஏற்படுத்தும் காயங்கள் 100 பேருக்கு 1.86 என்ற அளவிலிருந்து அவர் விலகிய காலத்தில் 0.2 அளவுக்கு இறங்கின. வெற்றி பெற்ற நிறுவனத்தின் கதையை மட்டும் வைத்து விதி வகுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை நியாயமானது. அலுமினியச் சந்தையும் தொழில்நுட்பமும் அந்தக் காலத்தில் மாறிக்கொண்டிருந்தன. எனினும் 1996-இல் நடந்த ஒன்று அந்த எச்சரிக்கையைத் தாண்டி நிற்கிறது. பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரி எழுந்து, மெக்சிகோவில் உள்ள ஓர் ஆலையின் நிலைமையைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். விசாரித்தபோது, நச்சுப்புகையால் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதும், அந்தச் செய்தி தலைமையகத்துக்கு வராமல் போனதும் தெரிந்தது. நல்ல லாபம் ஈட்டித் தந்த மூத்த நிர்வாகியை ஓ’நீல் வேலையிலிருந்து நீக்கினார். பாதுகாப்பு உரைகளில் சொல்லப்பட்டது மெய்தான் என்று மற்ற மேலாளர்களுக்கு அன்று உறைத்திருக்கும்.

கடைசி மறுப்பு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. பின்பற்றும் அதிகாரம் கீழே இருப்பவருக்கு இல்லாவிட்டால், மேலே இருப்பவரின் முன்மாதிரியால் யாருக்கு என்ன பயன்? 2010 அக்டோபர் இறுதியில், ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். சக தொழிலாளர்கள் இயந்திரத்தை உடைத்து அவரை வெளியே எடுக்க முயன்றபோது மேற்பார்வையாளர்கள் தயங்கினார்கள் என்று தொழிலாளர் தரப்பில் குற்றம் சாட்டினார்கள். அந்தக் குற்றச்சாட்டு முழுவதும் மெய்யோ அல்லவோ, அதை ஆலையில் பலரும் நம்பினார்கள் என்பதே அங்கிருந்த நம்பிக்கையின் அளவைக் காட்டுகிறது. சட்டத்தில் அந்த அதிகாரம் இல்லாமலில்லை: கலிஃபோர்னியத் தொழிலாளர் சட்டத்தின் 6311-ஆம் பிரிவு, விதிமீறலால் மெய்யான, வெளிப்படையான ஆபத்து இருக்கும்போது வேலை செய்ய மறுப்பவரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்கிறது. 6310-ஆம் பிரிவு புகார் சொல்பவரைப் பழிவாங்கத் தடை விதிக்கிறது. தாளில் இந்த உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் மூன்று மாத ஒப்பந்தத்தில் ஏஜென்சி வழியாக வந்தவருக்கும், வேலை போனால் விசாவும் போகும் என்ற நிலையில் இருப்பவருக்கும், அதைப் பயன்படுத்துவது பெரும் துணிச்சல். கலிஃபோர்னிய விதிகள் ஏஜென்சி, ஆலை இரண்டையுமே பொறுப்பாக்குகின்றன; நடைமுறையில் ஒவ்வொன்றும் மற்றதைக் கைகாட்டுவது எளிது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஷிஃப்ட் மேற்பார்வையாளர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம், ஒப்பந்தத் தொழிலாளி நிற்கும் இடத்துக்குப் போய், அவருக்காகத் தானே கயிற்றை இழுப்பது. அந்த நிறுத்தத்தைத் தன் பெயரில் பதிந்துகொள்ள வேண்டும். அதனால் குறைந்த உற்பத்தி எண்ணிக்கை அந்தத் தொழிலாளியின் கணக்கிலோ ஏஜென்சியின் கணக்கிலோ ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இது மேற்பார்வையாளரின் தனிப்பட்ட பெருந்தன்மையை மட்டும் நம்பி நடக்காது. பாதுகாப்புக்காக நிறுத்திய நிமிடங்களை மாத இலக்கிலிருந்து கழித்துவிடும் விதி அவருடைய மதிப்பீட்டுப் படிவத்திலேயே இருக்க வேண்டும். ஃப்ரீமான்ட்டானாலும் ஸ்ரீபெரும்புதூரானாலும், ஓர் ஆலையின் பாதுகாப்பைச் சோதிக்கச் செல்பவர் விபத்துப் பதிவேட்டைக் கேட்பதற்கு முன் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.